ரவைக்கு என்ன

மண்டியில் எனக்குக் கணக்கு வேலை.
மூட்டை எண்ணுவது, சீட்டுப் போடுவது,
ஏலம் முடிந்ததும் லாரி நம்பர் எழுதிக்கொள்வது.
பொழுதோட கிளம்பும்போது சென்னியப்ப அண்ணன்
பேசமாட்டார், தாடையால் மூலையைக் காட்டுவார்.
அங்கே கிடக்கும்
மம்பட்டி வெட்டியது, சாக்குக்குள் நசுங்கியது,
ரெட்டைத் தலை உள்ளது, மூக்கு முளைத்தது.
ஊட்டிக் கிழங்கோ கோலார்க் கிழங்கோ,
விலை போகாததற்கெல்லாம்
என் பைதான் ஊர்.

பூங்கொடிக்கு மில்லில் செகண்ட் ஷிப்ட்.
பதினொன்றுக்குத்தான் வேன் அவளை
ரயில்வே கேட்டோரம் இறக்கிவிட்டுப் போகும்.
ஆகவே அடுப்பு என்னுடையது.
ஆறு மணிக்கெல்லாம் தாரணி தொடங்குவாள்:
"அப்பா, ரவைக்கு என்ன?"
என்றைக்காவது வேறு பதில் வருமென்று
தினமும் கேட்கிறாள்.
அந்த நம்பிக்கைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.
கிழங்குதான் சாமி.

சமைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
கிழங்கு பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
உப்பு மறந்தால் கோபிக்காது,
உப்புக் கரித்தால்
இன்னொன்றை வெட்டிப் போடு என்கும்.

கால் வலிக்கிற நாளில் அரிசிம்பருப்புச் சோறு.
அரிசி இரண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை,
சின்ன வெங்காயம் உரிக்கப் பொறுமை இருந்தால் ஒரு கை,
இல்லாவிட்டால் நாலு பூண்டை நசுக்கி.
கிழங்கைத் தோலோடு எட்டாக வெட்டிப் போட்டு
மூன்று விசில்.
மூடி திறந்ததும் நெய்.
தட்டு எதற்கு, குக்கரிலேயே தின்னலாம்.
தின்றிருக்கிறோம்.

மாவு புளித்துப்போன நாளில் தோசைக்கு மசாலா.
மசிக்கக் கரண்டி தேட மாட்டேன்,
கை சுடும், சுடட்டும்.

மலையிலிருந்து குளிர் இறங்கிய ஒரு ராத்திரி
கொத்தமல்லி, வரமிளகாய், தேங்காய்
எல்லாம் வறுத்தரைத்துக் குழம்பு வைத்தேன்.
வாசம் சுவர் தாண்டிப் போய்
ரஹமத்துல்லாவைக் குண்டாவோடு கூட்டிவந்தது.
"கறிக் கொழம்புங்களா?"
"கெழங்குங்க."
கொஞ்சம் யோசித்தார்.
"பரவால்லீங்க, ஊத்துங்க."

இந்த ஆவணியில் ஒரு நாள் விலை ஏறிவிட்டது.
கோலார் லோடு வரவில்லை,
வெட்டுப்பட்டதற்கும் ஓட்டல்காரன் நின்றான் காசோடு.
சென்னியப்ப அண்ணனின் தாடை அசையவில்லை.
தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தராசில் ஒன்றும் இல்லை.
வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துப்
பவானிப் பாலம் தாண்டும்போது
மனசு பொக்குனு இருந்தது.

"ரவைக்கு என்ன?"
கோஸ், என்றேன்.
"கோஸா?"
மூன்றாம் வகுப்பிலிருந்து காத்திருந்த வேறு பதில்
வந்தே விட்டது,
அது கோஸ்.
தாரணி ஒன்றும் சொல்லாமல்
அடுப்புத் திண்டுக்குக் கீழே தவழ்ந்து போனாள்.
சாக்கை உதறும் சத்தம்.
மூன்று கிழங்கு, விரல் நீளத்துக்கு முளை விட்டு,
முகம் சுருங்கி,
ஒறம்பரைக்கு வந்து திரும்பிப் போக மறந்தவை மாதிரி.
முளையைக் கிள்ளிக் கண்ணைத் தோண்டிப்
பச்சை பூத்த தோலைத் தடியாகச் சீவிப் பார்த்தால்
மிச்சம் ஒன்றரைக் கிழங்கு.
கடலெண்ணெயில் சோம்பு பொரித்து
கோஸோடு வதக்கினேன்.
கோஸ் நிறைய, கிழங்கு சாட்சிக்கு.

பதினொன்று பத்துக்குப் பூங்கொடி வந்தாள்,
முடியில் பஞ்சு.
கைகழுவிவிட்டு உட்கார்ந்து
கிழங்கை மட்டும் தேடித் தேடித் தின்றாள்.
ஏதோ தோன்றி, இத்தனை நாளில் முதல் முறையாகக் கேட்டேன்:
கேன்டீனில் சாயங்காலம் என்ன போடுவார்கள்?
"கெழங்குதானுங்க."
இன்றைக்கா?
"ஏழு வருசமா."

கரண்டி என் கையில் நின்றது.
ஏழு வருசம்.
ஒரு ராத்திரி கூட முகம் சுளித்ததில்லை.
மன்னிப்புக் கேட்கலாமா
நாளைக்குப் பாகற்காய் வாங்கலாமா என்று நான் நிற்க,
அவள் தட்டை நீட்டினாள்:
"அது அவங்க கெழங்கு.
எச்சா இருந்தாப் போடுங்க."

எச்சா எங்கே இருக்கிறது,
வாணலியில் ஒட்டிய கருகல்தான்.
சுரண்டும் சத்தம் கேட்டு
உள்ளறையிலிருந்து தூக்கக் குரல்:
"கருகல் எனக்கு."