கட்டிலின் எந்தப் பக்கம்

அதிகாரி சின்னப் பையன்.
கோப்பைப் புரட்டிக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்:
உங்கள் கணவர் கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பார்?

மொழிபெயர்ப்பாளர் ஜார்ஜிய மொழியில் சொல்லி முடிக்குமுன்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆர்வோ கட்டிலிலேயே படுப்பதில்லை, தம்பி.
கூடத்துச் சாய்வு நாற்காலியில்
மூச்சுக் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குவார்.
இரவெல்லாம் அது பழைய டிராம் வண்டிபோல் இரையும்.
விருந்தாளியாய்ப் போயிருந்த மூன்று வாரமும்
நான் உள்ளறையில், கதவைச் சாத்தாமல்,
இரைச்சல் நிற்கிறதா என்று கேட்டபடி கிடந்தேன்.
அத்தாட்சி வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள் என்றேன்.
எழுதினானா, தெரியாது.

சார்ந்திருக்கும் பிள்ளைகள் என்றொரு கட்டம்.
ஆர்வோ அதில் கோடிழுத்துவிட்டார்.
இனி நாங்கள் சார்ந்திருக்கப்போகும் பிள்ளைகளுக்குக்
கட்டம் எதுவும் இல்லை.
அவர் மகன் கெய்த் கேட்டது ஒன்றே ஒன்று:
வீடு இப்போது யார் பெயரில்?
என் மகள் ஏகா எதுவும் கேட்கவில்லை.
கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

இருபத்திரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.
முப்பது வயதென்றால் சலித்துக்கொண்டே கடந்துவிடலாம்.
எனக்கு அறுபத்தாறு, அவருக்கு எழுபத்து மூன்று.
அவர் அதைப் பல்லால் எண்ணினார்,
இரண்டு போயிற்று.
நான் இடக்கண்ணில் புரை ஏறுவதை வைத்து.

பதினோராம் மாதம் பனியில் வாசற்படி சறுக்கி விழுந்திருக்கிறார்.
குட்டைசியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது.
நான்கு நாள் திரையில் மார்புக்கு மேலேதான் தெரிந்தார்.
ஐந்தாம் நாள் பின்சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.
நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
மருத்துவப் பரிசோதனையில் என் நுரையீரலில் பழைய தழும்பு,
இன்னொரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள்.
அதை நானும் சொல்லவில்லை.
இந்த வயதில் துரோகமெல்லாம்
உடம்பை மறைப்பதோடு சரி.

தண்டர் பே. ஜனவரி.
ஏரி கல்லாகிக் கிடந்தது.
விமான நிலையத்தில் சக்கர நாற்காலியோடு வந்த பெண்
எங்களில் யாரை உட்காரவைப்பது என்று தெரியாமல்
இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
நாங்களும் பார்த்துக்கொண்டோம்.
கடைசியில் பெட்டி உட்கார்ந்து வந்தது.

குளியலறையில் எனக்காகப் பிடிகம்பி பொருத்தியிருந்தார்.
கதவோரம் நான் நின்ற பழைய புகைப்படத்தை வைத்து
என் உயரத்தைக் கணக்கிட்டாராம்.
தானியக் கிடங்கு இயந்திரங்களோடு வாழ்ந்த கை,
கணக்குப் பிசகாது.
ஆனாலும் கம்பி இரண்டு விரல் மேலே இருந்தது.
காத்திருந்ததில் நான் குறைந்திருக்கிறேன்.
ஒன்றும் பேசாமல் திருகாணியைக் கழற்றி
கீழே இறக்கினார்.
பழைய ஓட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.
அடைக்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

செவ்வாய்தோறும் ஆங்கில வகுப்பு.
பக்கத்தில் செலாம், எரித்ரியாக்காரி, இருபத்து மூன்று வயது,
அவளும் கணவனைத் தேடி வந்தவள்.
இன்று எதிர்காலம்.
ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை.
செலாம் நிறுத்தவேயில்லை:
வீடு வாங்குவேன், மூன்று பிள்ளை பெறுவேன்,
செவிலியாவேன், அம்மாவை வரவழைப்பேன்.
ஐந்து வருடம் அவள் வாயில் சில்லறைக் காசுபோல் குலுங்கியது.

என் முறை வந்தது.
உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் என்று
முப்பத்தைந்து ஆண்டு பலகையில் எழுதிக் கற்பித்தவள்,
எழுந்து நின்று தேடினேன்.
கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்று இருந்தது.

நாளைக் காலை
வாசற்படியில் நான் உப்புத் தூவுவேன்.

சரி என்றார் ஆசிரியை.
அவர் எழுந்திருக்கும் முன், என்று சேர்க்க நினைத்தேன்.
அந்த இலக்கணம்
அடுத்த மாதம்தான் வருமாம்.