பனி நிலவரம்

காலை ஆறே காலுக்கு
செல்போனில் அந்த மலையைத் திறக்கிறேன்.
பேர் வாயில் நுழையாது. எங்கள் ஆபீசில்
பையர் மலை என்றால் போதும்.
அடிவாரம் எட்டு சென்டிமீட்டர், உச்சி முப்பத்தொன்று.
பதினான்கு லிஃப்டில் மூன்று ஓடுகிறது.
பனி ரகம்: மேலே ஈரம், கீழே கல்.

மங்கலம் ரோட்டில் டீ ஆறுகிறது.
நூல் விலைக்கு முன்னால் இப்போதெல்லாம்
இதைத்தான் கேட்கிறார்கள்.
"பேஞ்சுதுங்களா?"
"இல்லீங்."
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்
பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு
வானத்தைப் பார்க்கிறார். நம் வானத்தை.

சித்திரையில் தைத்தோம் அதையெல்லாம்,
ஃபேன் காற்றே சுடும் மதியங்களில்:
தாடை வரை ஏறும் ஃபிளீஸ் கழுத்து,
கட்டைவிரலுக்கு ஓட்டை விட்ட நீளக் கை.
மைனஸ் பதினைந்து தாங்கும் என்ற லேபிளைத்
தைத்த பெண்ணுக்கு
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
முதல் லாட் போய்விட்டது. ரிப்பீட் ஆர்டர்தான்
அந்தரத்தில் நிற்கிறது.
உங்கள் சரக்கு கடையில் தொங்குகிறது,
சரிவில் புல் தெரிகிறது என்று மெயில்.

மார்கழி முழுக்க இப்படி.
சாயங்காலம் கேமராவைத் திறந்தால்
பழுப்புச் சரிவு, ஓரமாய்ப் பனி ஊதும் மெஷின்,
அதன் முன்னால் நீளமாய் ஒரு வெள்ளை,
காயப்போட்டு மறந்த வேட்டி போல.
நொய்யல் பாலத்தடியில்
அதைவிட நுரை அதிகம்.

போகிக்கு முந்தின ராத்திரி கொட்டியது.
அறுபத்திரண்டு. எல்லா லிஃப்டும்.
மறுநாள் இருட்டும் நேரத்துக்கு மெயில்:
ஒன்பதாயிரம் பீஸ், பத்து நாள், ஏர் கார்கோ.
ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டேன்.
காங்கேயம் பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள்,
கரும்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்.
"நோம்பி நாளுக்கு டபுள் சம்பளமுங்களா?"
"ஓனரைக் கேட்டுச் சொல்றனுங்க."
இன்னும் கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம், செக்கிங் டேபிள்.
துளசிமணியக்கா வந்திருந்தார்,
டிபன் பாக்ஸில் பொங்கலோடு.
போனை நீட்டினேன்.
மலை முழுக்க வெள்ளை. எறும்பளவு ஆட்கள்
வழுக்கி வழுக்கி இறங்கினார்கள்.
ஆரஞ்சு நிறத்தில் ஒருவன் விழுந்து எழுந்தான்.
ட்யூப் லைட்டுக்குக் கீழே கண்ணைச் சுருக்கி
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இத்தன வெள்ளையில
கறைய எப்படீங்க கண்டுபுடிப்பாங்க?"

பிறகு குவியலில் ஓர் ஆரஞ்சை எடுத்து
உள்பக்கம் திருப்பினார்.
அக்குளில் ஒரு தையல் விட்டிருந்தது.
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி
இடப்பக்கம் தள்ளினார்.