ஐந்தாவது கால்

மருதங்குடி ஜமீன் லாயத்துப் பெண் குதிரை.
பெயர் சீமாட்டி. ஆண்டு 1871.
அப்பன் அரபு, ஆத்தாள் கத்தியவார் என்று
பித்தளைத் தகட்டில் வம்சாவளி.
வரைந்தவன் பெயரிருந்த மூலையைக்
கரையான் தின்றுவிட்டது.

மூன்று கால் தரையில்.
ஒரு முன்னங்கால் சிலைக் குதிரைபோல் காற்றில்.
வண்ணம் வயதாகி மெலிய மெலிய
அதன் பின்னால் இன்னொரு கால்
டீக்கறைபோல் தெரியத் தொடங்கியிருந்தது.

எழும்பூரிலிருந்து ஆட்டோவில்,
போர்வை சுற்றி, மடிமேல் குறுக்கே கிடத்தி,
வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.
இத்தனை பெரிய எக்ஸ்ரே மேசை அங்கேதான் உண்டு.
எங்களுக்கு முன்னால் ஒரு லாப்ரடார்,
கழுத்தில் கூம்பு மாட்டிய பூனை.
"என்ன மிருகம்?" டோக்கன் எழுதுகிறவர் கேட்டார்.
"குதிரை."
"வயசு?"
"நூற்றைம்பதுக்கு மேலே."
நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

டாக்டர் எபனேசர் படச்சுருளை விளக்கில் மாட்டினார்.
ஈய வெள்ளையில் எலும்புபோல் எழுந்தது பழைய கால்:
குளம்பின் நுனி மட்டும் மண்ணில் பட,
முழங்கால் லேசாக மடங்கி.
கிண்டியில் முப்பது வருஷம் குதிரை பார்த்தவர்
ஓவியத்தைப் பார்க்கவில்லை.
"தசைநார் போயிருக்கு. பாரம் தாங்காம நிக்குது.
எத்தனை நாளா?"

என் லாயத்துக் குதிரை நொண்டியா என்று
ஜமீன் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.
போதும், கால் தூக்கிக்கொண்டது.

அந்தக் கறையையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்
இப்போதைய உரிமையாளர்.
பஞ்சு மேசைமேல். கரைப்பான் புட்டி திறக்கவில்லை.
டோக்கனின் பின்புறம் டாக்டர் கிறுக்கியது
சட்டைப்பையில்:
ஆறு மாதம் ஓய்வு. யாரும் ஏறக் கூடாது.