காலிக் குழாய், நான்கு மீட்டர்

வியாழக்கிழமை ஜிப்சம் பலகைக்காரர்கள் வருகிறார்கள்.
அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றேன்.
சுவர் வாயை மூடிக்கொண்ட பிறகு
கம்பி இழுக்கச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

வாட்சோ. செப்டம்பர்.
நார்வேயின் வடகிழக்கு மூலையில்
கடலைப் பார்த்த மாடி வீடு,
தோல் உரித்து எலும்பாக நிற்கிறது.
காதில் செருகிய பென்சிலோடு
சட்டத்துக்குச் சட்டம் கேட்டுக்கொண்டே போகிறேன்:
கதவு எந்தப் பக்கம் திறக்கும்?
நுழைந்ததும் எந்தக் கை சுவிட்சைத் தேடும்?
வெங்காயம் நறுக்கும்போது
உங்கள் நிழலே கத்தி மேல் விழ வேண்டுமா?

சமையலறையில் தகராறு இல்லை.
அலமாரிக்கு அடியில் நீள விளக்கு.
மேசைக்கு மேலே தாழத் தொங்கும் ஒன்று;
யுஸ்டெய்ன் உட்கார்ந்து காட்டினான்,
தூரில் எழுந்து நின்று தலை இடிக்கிறதா பார்த்தாள்.
சிரித்தார்கள்.
ஜன்னலுக்கு ஒரு பிளக்,
அதைக் கேட்கவே வேண்டாம்.
நவம்பர் கடைசியில் இறங்கும் சூரியன்
ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும் ஊர்.
ஜன்னலில் விளக்கில்லாத வீட்டை
ஆளில்லாத வீடு என்போம்.

"உங்கள் வீட்டில் என்ன திரை, குட்னி?"
பழைய போர்வை, நான்கு ஆணி, என்றேன்.
நம்பவில்லை.

மாடிப் படுக்கையறையில்தான் பென்சில் நின்றது.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
மே நடுவிலிருந்து ஜூலை முடிய
படுக்க மறுக்கும் பிள்ளைபோல
சூரியன் அடிவானத்தில் உருண்டுகொண்டிருக்கும்.
"ஒரு கீற்று நுழைந்தாலும் என் தூக்கம் போச்சு."
ஜன்னல் குழியை ஆழமாக்கி
இரு ஓரமும் தடம் வைத்து
மோட்டார் பிளைண்ட் இறக்கலாம்,
இடது மேல்மூலையில் ஒரு கம்பி வேண்டும், என்றேன்.

அவன் பைலட் படகில் வேலை.
"ஒரு துணியும் வேண்டாம்.
கண் திறந்ததும்
கடல் எந்தப் பக்கம் என்று தெரியணும்."
ஏன் என்று சொல்லவில்லை.
அவள் தரையைப் பார்த்த விதத்தில்
அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

மெல்லிய சீலை ஒன்று, நடுவாந்தரமாக?
இருவரும் முதல்முறையாக ஒரே மாதிரி
என்னைப் பார்த்தார்கள்.

சரி, தலைமாட்டு விளக்கு இரண்டா?

தூரில் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.
சட்டத்தில் ஒரு வட்டம்.
பிறகு சுவர் வரவேண்டிய இடத்தின் ஊடே
ஒருக்களித்து நுழைந்து
அடுத்த அறைக்குப் போனாள்.
அங்கே இன்னொரு வட்டம்.

"விருந்தாளிக்கா?"
கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
யுஸ்டெய்ன் அளவுநாடாவை இழுத்தான், விட்டான்.
அது உள்ளே ஓடிச் சுருண்ட சத்தம்
திறந்த வீட்டில் கீழ்த்தளம்வரை கேட்டது.

வட்டம் போட்ட இடத்தில் பெட்டி வைப்பது என் வேலை.
வைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் போன பின்
ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்கு
ஒரு காலிக் குழாய் ஓட்டினேன்,
உள்ளே இழுவை நூலோடு.
யாருக்காவது மனம் மாறினால்
பலகையை உடைக்க வேண்டாம்,
நூலை இழுத்தால் கம்பி வந்துவிடும்.
மாறாவிட்டால் கிடக்கட்டும்,
சோறா கேட்கப்போகிறது?

அக்டோபரில் ரசீது அனுப்பினேன்.
யுஸ்டெய்ன் போன் செய்தான்.
காலிக் குழாய், நான்கு மீட்டர்,
இது எதற்கு?
இப்போதைக்கு எதற்கும் இல்லை.
எதிரே விலை போடவில்லையே?
ஆமாம்.

கொஞ்ச நேரம்
படகு இன்ஜின் மட்டும் இரைந்தது.
பிறகு கேட்டான்,
நூல் என்ன நிறம்?