டிஎன் எழுபது

தண்ணீர்த் தகராறு மூண்ட அன்று
ஷிஃப்ட் முடிந்து அத்திப்பள்ளி வந்தால்
எதிரே ஒரு லாரி எரிகிறது.
என் வண்டியில் டிஎன் எழுபது.

புட்டராஜு இறங்கினான்.
சீட்டுக்கடியில் கிடந்த கொடியை உருவி
நம்பரை மறைத்துக் கட்டினான்.
"இதை எவனும் கொளுத்தமாட்டான் கிஷ்டப்பா"
என்றான் கன்னடத்தில்.
ஆகஸ்டில் அதை ஹேண்டில்பாரில்
நான்தான் கட்டியிருந்தேன்,
பெருமையாக, பெட்ரோல் பங்க் வரைக்கும்.

மீசை முளைக்காத ஒருவன் மறித்தான்.
தமிழனா?
இல்லை என்றேன், தெலுங்கில்.
பொய் இல்லை.
ஆனாலும் பாகலூர்ப் பள்ளியில்
தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு வாங்கிய
எவர்சில்வர் டம்ளர் ஞாபகம் வந்தது.
இன்றைக்கும் காபி அதில்தான்.

ஜூஜுவாடி தாண்டினால் இன்னொரு கூட்டம்.
"நம்மாளா? எங்கே, வாழைப்பழம் சொல்லு."
சொன்னேன்.
சிரித்தார்கள். போ என்றார்கள்.
எந்த எழுத்துக்குச் சிரித்தார்கள் என்று
பேரண்டப்பள்ளி வரை
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்,
வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டு
ஆறு கிலோமீட்டர் தள்ளி.

ஹேமாவதி ஒன்றும் கேட்கவில்லை.
முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
பச்சையில் கிரீஸ், வெள்ளையில் புகை.
ஜனவரிக்குப் பிள்ளை கேட்பாள் என்று
சோப்புப் போட்டு அலசி
கொடியைக் கொடியில் காயப்போட்டாள்,
என் காக்கிச் சட்டைக்கும்
அவள் பாவாடைக்கும் நடுவில்.

ரெண்டு கிளிப் போதாதென்று
மூன்றாவதும் மாட்டினாள்.
"காலி ஜாஸ்தி" என்றாள்.

எங்கள் வீட்டில்
காலி என்றால் காற்று.