நாற்பத்து நாலாவது ஓட்டம்

உச்சிப்புளிக்குத் தெற்கே, உடைமரங்களுக்குள்
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே ஆறு கால்களில் நிற்கிறது
பறக்காத ஹெலிகாப்டர்.
ஏசி பதினெட்டில். வெளியே கச்சான்
மணலை அள்ளிக் கதவில் எறிகிறது.

மதிப்பெண் எங்களிடம் தலைகீழ்.
ஒன்று என்றால் சுகம்.
பத்து என்றால் அது உன் கையில் இல்லை.
கமாண்டர் மிராண்டா நேற்று முழுக்க
ஏழு, ஏழு, ஏழு என்றார்.
ஒருமுறை எட்டு. சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

வேலை இவ்வளவுதான்:
இரவு. முயல் தீவுக்கு அப்பால்
எஞ்சின் செத்த ஒரு வள்ளம்.
அதன் தலைக்கு மேல் அசையாமல் நிற்க வேண்டும்
கயிறு இறங்கி ஆளைத் தொடும்வரை.

போன ஆடியில் நிஜமாகவே நடந்தது.
கயிறு மூன்று தடவை தவறி
நாலாவதில் ஒருவர் கிடைத்தார்.
வள்ளத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்.
அறிக்கையில் 'காற்று' என்று எழுதியிருந்தது.
கீழே மிராண்டாவின் கையெழுத்து.

காற்று மட்டுமல்ல.
அச்சிட்ட கோடுகளைத் தரையில் விரித்து
முட்டிபோட்டுப் பார்த்தேன்:
குச்சியை இடப்பக்கம் தொடுகிறார்.
இயந்திரம் கொஞ்சம் யோசிக்கிறது.
வரவில்லையே என்று இன்னும் தள்ளுகிறார்.
கேட்டது இரண்டும் சேர்ந்து வருகிறது.
பதறி வலப்பக்கம், மறுபடி
பதறி
இடப்பக்கம்.
அவர் கேட்டதற்கும் அது கொடுத்ததற்கும் நடுவே
நூற்றெண்பது மில்லிசெகண்ட்.
கண் சிமிட்டுவதற்குள் அடங்கிவிடும்.
அந்த இடுக்கில் ஓர் ஆள் விழுந்திருக்கிறார்.

பத்திரத்துக்கு என்று எப்போதோ யாரோ சேர்த்த
வடிகட்டி ஒன்றை எடுத்தேன்.
தணிப்பை ஒரு நூல் கூட்டினேன்.
ஆறு, என்றார். மறுநாள் ஐந்து.
அப்புறம், காரணமே இல்லாமல், திரும்ப ஆறு.

நடுவில் என்னை உட்காரச் சொன்னார்.
பதினோரு நொடி.
கடல் எழும்பி முகத்தில் அறைந்து
திரை உறைந்தது.
கீழக்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது.
பொத்தானை அழுத்தினேன்.
கடல் முதலிலிருந்து தொடங்கியது,
வெட்கமில்லாமல்.

அன்றிரவு ஒன்று செய்தேன். பதிவேட்டில் எழுதவில்லை.
வள்ளத்தில் ஆளுக்குப் பதிலாக
மஞ்சள் பெட்டி ஒன்றை வரைந்து வைத்திருந்தேன்.
அதை அழித்துவிட்டு
கட்டம் போட்ட கைலியில் ஒருவரை உட்காரவைத்தேன்.
பக்கத்தில் இன்னொருவரை.

நாற்பத்து நாலாவது ஓட்டம்.
கச்சான் முப்பது நாட்.
மிராண்டாவின் விரல்களுக்குள் குச்சி
தூங்குவதுபோல் கிடந்தது.
கயிறு இறங்கியது. ஒருவர்.
மறுபடி இறங்கியது.
ஹெட்போனில் மூச்சு மட்டும்.

"எண் சொல்லுங்க, சார்."
"யார் இவங்களுக்குக் கைலி கட்டினது?"
"எண், சார்."
"மூன்று."
கொஞ்ச நேரம் கழித்து,
"நாலுன்னே போட்டுக்க, ஹஸீனா.
காற்றை வாடைக்கு மாத்து.
இன்னொரு தடவை போறேன்."