மாடுகளின் தொட்டி

கடைசி பெட்ரோல் பங்கிலிருந்து தொண்ணூறு மைல்,
அதில் நாற்பது வெறும் புழுதி.
"வேலிக்கதவைச் சாத்திவிட்டு வா" என்றாள் லவீனா.
சாத்தினேன்.
இந்தப் பக்கமும் நெவாடா, அந்தப் பக்கமும் நெவாடா.

உப்புத்தரை முடிகிற இடத்தில்
ஒரு தகரத் தொட்டி, துருவேறிய குழாய்,
சூடு மிஞ்சினால் அடைத்துக்கொள்ள
கயிற்றில் ஒரு கந்தல் சாக்கு.

விரல், முழங்கை,
பிறகு துணிந்து கழுத்துவரை.
தலைமுடியில் மட்டும் உறைபனி.
இடது மார்பு இருந்த இடத்தை
அவள் மறைக்கவில்லை.
நான் நட்சத்திரம் எண்ணுவதுபோல் நடித்தேன்.
"பார், கடிக்காது" என்றாள்.

பார்த்தேன்.

விடியுமுன் மூன்று பசுக்கள் வந்து நின்றன,
மூச்சு புகைய,
கடைவாசலில் காத்திருப்பவர்கள்போல.
தொட்டி அவற்றுடையது.
ஈரக்காலோடு
டிரக்குக்கு ஓடினோம், சிரித்துக்கொண்டே.

ஒன்று குனிந்து
நாங்கள் இருந்த வெந்நீரை உறிஞ்சியது,
முகம் சுளிக்காமல்.